பந்தலுக்குப் போன ஸ்பீக்கர்

என் கடைச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. "ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு செட்டை ஆன் செய்யக் கூடாது" என்று சிவப்பு மையில் நானே எழுதி மாட்டியது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பழைய ஆம்ப்ளிஃபையரைப் பரணிலிருந்து இறக்கிய வேகத்தில் பிளக்கைச் சொருகிப் பார்த்து, எரித்து, அதன் பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள். கண்ணாடி வால்வுகள் எரியும் அந்தப் பழைய செட்டில் வருகிற சக்தி போய்ச் சேர ஸ்பீக்கர் என்று ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் அத்தனையும் கடைசியில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே சுற்றி அதன் கம்பியைச் சுட்டுவிடும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை போயிற்று. ஒருமுறை செங்கத்திலிருந்து வந்த ஒரு மெக்கானிக்கை, "ஸ்பீக்கர் இல்லாம ஆன் பண்றவன் கையை ஒடிக்கணும்" என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அந்த நாலு பேரில் பாயும் ஒருவர். விழுந்து விழுந்து சிரித்தார்.

பாய்க்கு அறுபது வயது. பெரிய தெருப் பக்கம் ரெடிமேடு துணிக்கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்பு இருபது வருஷம் அவரும் அவர் தம்பியும் சேர்ந்து மைக் செட் நடத்தினார்கள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஆடி மாசக் கூழ், எல்லாவற்றுக்கும் அவர்கள் செட்டுதான். அண்ணன் வெளியே பேசி வேலை பிடிப்பார், தம்பி பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். அந்தத் தம்பி பிறகு சவுதிக்குப் போய்விட்டார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பத்து நாள் லீவில் வருவார். செட்டெல்லாம் விற்றுப் போனது. ஒரே ஓர் ஆம்ப்ளிஃபையரை மட்டும் பாய் விற்கவில்லை.

அதைத்தான் என்னிடம் கொண்டுவந்திருந்தார். சாம்பல் நிற இரும்புப் பெட்டி, இருபது கிலோவுக்குக் குறையாது. தம்பி திங்கட்கிழமை காலையில் வீட்டுக்குள் காலை வைக்கும்போது அது பாடிக்கொண்டிருக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

நான் அதில் மூன்று வாரம் உட்கார்ந்தேன். கசிந்துபோன கண்டன்சர்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். வால்வு உட்காரும் சாக்கெட்டுகளைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். கடைசி டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் தொடவில்லை. கம்பெனி போட்டது எப்போதோ எரிந்துபோய், பாயின் தம்பி இருபத்திரண்டு வயதில் கையாலேயே சுற்றிப் போட்டது அது. வார்னிஷ் காயும் முன்பு தூக்கிவிட்டிருக்கிறார், அவர் கட்டைவிரல் ரேகை அதன் பக்கவாட்டில் அப்படியே பதிந்து இருந்தது. எந்தப் பயிற்சியும் இல்லாத ஒரு பையன் அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றியிருந்தது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போங்கள் என்று சொல்லியிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி.

எங்கள் ஊரில் பௌர்ணமியை மறக்க முடியாது. ஆனாலும் அதற்கு முந்தின மூன்று நாளும் என் தலைக்குள் அந்தப் பெட்டிதான் இருந்தது. திதி சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கி ஞாயிறு நாலு மணி வரை என்று காலண்டர் சொன்னது. என் கடை செங்கம் ரோட்டில் கிரிவலப் பாதை மேலேயே இருக்கிறது. வேங்கிக்காலில் இருக்கும் என் வீட்டிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி, ஆட்டோ ஓடாததால் நடந்தே வந்து ஷட்டரைத் திறந்தேன். ராத்திரியெல்லாம் நடந்தவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். கடைக்கு எதிரிலேயே அன்னதானப் பந்தல். அவர்களுடைய தண்ணீர் டிரம்மும் சாம்பார் அண்டாவும் என் வாசற்படியை அடைத்துக்கொண்டு நிற்கும், நான் ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

பந்தல்காரர்களுக்கும் எனக்கும் ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி என்னுடைய டெஸ்டிங் ஸ்பீக்கரை அவர்கள் எடுத்துப் போவார்கள். மேஜைக்கு அடியில் கிடக்கும் பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கர் அது. வால்வு செட்டின் பாரத்தைத் தாங்குவது என்னிடம் அது ஒன்றுதான். கேட்க மாட்டார்கள், கேட்க வேண்டாமென்று நான்தான் சொல்லியிருந்தேன். சாமி காரியத்துக்கு எதற்குக் கேள்வி? நான் பின்பக்கம் முகம் கழுவி, டீ குடித்து வருவதற்குள் எடுத்துப் போயிருந்தார்கள். ஸ்பீக்கர் பக்கத்து முனையில் ஒயரைக் கழற்றியவர்கள், ஆம்ப்ளிஃபையர் பக்கத்து முனையை அப்படியே விட்டிருந்தார்கள். சிவப்பும் கறுப்பும் நான் முந்தின நாள் சாயங்காலம் மாட்டியபடியே பெட்டியின் பின்னால் அழகாக இருந்தன. குனிந்து மேஜைக்கு அடியில் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது, அது என்னுடையது. வேலை முடிந்த செட்டுக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் முதல்முறை முழுச் சத்தத்தில் பாட விடுவேன். எட்டு மணிக்குச் சூடம் ஏற்றினேன். பௌர்ணமி நாளாயிற்றே என்று, பெட்டியோடு ஒயர் போட்டு இணைத்த போனில் ஐந்தெழுத்தை இழுத்து இழுத்துப் பாடும் அந்தப் பாட்டைப் போட்டேன். ஊரில் அன்றைக்கு எந்தப் பந்தலிலும் அதுதான் ஓடும். சுவிட்சைப் போட்டு, வால்வுகள் சிவக்கும்வரை காத்திருந்து, வால்யூமைத் திருகிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டேன். பாட்டு வந்தது. என் ஸ்பீக்கருக்கென்று ஒரு குரல் உண்டு, அடியில் லேசாகக் கரகரக்கும். அதே குரல். மூன்று வார உழைப்பு பாடுகிறது என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் ஏற்றுவோமே என்று ஏற்றினேன். இன்னும் கொஞ்சம். வாசனை வந்தது, சூடம் என்று நினைத்தேன்.

பெட்டிக்குள் 'டப்'பென்று ஒரு நீல வெளிச்சம். ஃபியூஸ் போனது. வால்வுகள் ஒவ்வொன்றாக இருண்டன. பாட்டு மட்டும் நிற்கவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கரண்ட் இல்லாத பெட்டி எப்படிப் பாடும்? அப்புறம்தான் பாட்டு எதிரிலிருந்து வருகிறது என்று உறைத்தது. பந்தலில் என் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிய அதே நேரத்தில் அவர்களும் அந்தப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். தூசியில் ஒரு சதுர அடையாளமும் சும்மா கிடந்த இரண்டு ஒயர் முனைகளும்தான் இருந்தன.

டிரான்ஸ்ஃபார்மரில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை, உள்ளே கம்பி எரிந்து அறுந்திருந்தது. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன், ஏதோ மீட்டருக்குத்தான் கோளாறு என்பதுபோல. டிரான்ஸ்ஃபார்மரின் வார்னிஷ் கொப்பளித்து வழிந்திருந்தது. அந்தக் கட்டைவிரல் ரேகை இருந்த இடம் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்ததாம். சுவரில் என் கையெழுத்து சிவப்பாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மேல்மூடியைப் போட்டு நான்கு திருகாணியையும் முடுக்கினேன். ஏன் முடுக்கினேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். மூடாமல் விட்டிருந்தால் பாய் வந்ததும் அவரே பார்த்திருப்பார், எல்லாம் காலையிலேயே முடிந்திருக்கும்.

பாய் ஒன்பது மணிக்கு வந்தார். அண்டாவுக்கும் டிரம்முக்கும் நடுவில் நுழைந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வரும்போது கூட்டத்தோட வந்துட்டேன், சுலுவா இருந்துச்சு. திரும்பிப் போறப்ப எதுத்தாப்பல போகணும். இந்தப் பொட்டியைத் தூக்கிக்கினு ஆவற வேலையா? நாலு மணிக்குத் திதி முடியட்டும், கூட்டம் கம்மியாவட்டும். அதுவரைக்கும் இங்கதான்."

பிறகு மூக்கை உறிஞ்சினார். "இன்னா வாசனை மெக்கானிக்கு?"

"சூடம் காட்டினேன் பாய்."

"ஓ" என்றார். "போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் பாய். மணி மாதிரி இருக்கு."

அந்தப் பொய் எனக்கு முன்னால் ஓடிப் போய் வெளியே விழுந்தது. அதைத் துரத்திப் பிடிக்க அன்று முழுவதும் முடியவில்லை.

என் கடை எட்டுக்குப் பத்தடி. இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். வாசலில் அண்டா, அதற்கப்பால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு செருப்பில்லாமல் நடக்கும் ஜனம். பின்பக்கம் ஒரு குழாய், அதற்குப் பின்னால் பக்கத்து லாட்ஜின் மதில். எழுந்து எங்கேயாவது போய்விடலாம் என்றால் போக வழியில்லை. அவரும் போக முடியாது. நடுவில் மேஜைமேல் செத்துப்போன பெட்டி.

"எங்க, ஒரு பாட்டு போடுங்க கேப்போம்" என்றார் பாய்.

"வோல்டேஜ் கம்மியா இருக்கு பாய். லாட்ஜில எல்லாம் மோட்டார் ஓடுது. இப்ப போட்டா வால்வுக்கு ஆவாது."

பாதி உண்மை. பௌர்ணமிக்கு வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும். பாய் தலையாட்டினார். தொழில் தெரிந்தவர் ஆயிற்றே.

பத்தரைக்கு மறுபடியும் கேட்டார். பந்தல் சத்தத்தில் நம் சத்தம் தெரியாது என்றேன். அதுவும் பாதி உண்மை. பந்தலிலிருந்து என் ஸ்பீக்கர் அதே ஐந்தெழுத்தைப் பாடிக்கொண்டே இருந்தது, ஒரு சுற்று முடிந்தால் மறுசுற்று. நடுநடுவே "காணாமப் போன கொழந்த பந்தல்ல இருக்கு, பச்சைச் சட்டை" என்று அறிவிப்பு. காலையில் என்னைக் கும்பிட வைத்த அந்தக் கரகரப்பு இப்போது காதுக்குள் ஆணி அடித்தது. போய் ஒயரைப் பிடுங்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. யார்மேல் ஆத்திரம்? எடுத்துப் போகச் சொன்னவனே நான்தான்.

பாய் பழைய கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். அடி அண்ணாமலையில் ஒரு கல்யாணத்தில் மழை வந்ததும், நனையக் கூடாதென்று தம்பி தன் சட்டையைக் கழற்றி இந்தப் பெட்டிமேல் போர்த்திவிட்டு ராத்திரியெல்லாம் நடுங்கியதும். தம்பிக்கு இப்போது காதில் கொஞ்சம் மந்தம் தட்டிவிட்டதாம், அங்கே மெஷினுக்குப் பக்கத்திலேயே வேலை.

"அடுத்த லீவுக்கு இன்னும் கேக்குமோ கேக்காதோ. இந்த வாட்டி கேட்டுடணும்னான் போன்ல" என்றார்.

நான் திருகாணி டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டித் தரம் பிரிக்க ஆரம்பித்தேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் அவன் கத்த முடியுமா?

அதற்குள் நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். "வோல்டேஜ் சரியானதும் ராத்திரி நானே வீட்டுக்குக் கொண்டாந்து தரேன், நீங்க போங்க" என்று அவரை அனுப்பிவிடுவது. ராத்திரி போன் செய்து, வோல்டேஜ் எகிறி டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது என்பது. பழி கரண்டின் மேல், என் அட்டை சுவரிலேயே இருக்கும். தம்பி வரும்போது பெட்டி பாடாது என்பதில் மாற்றமில்லை. ஆனாலும் என் புத்தி போனது அங்கேதான். என்னைக் காப்பாற்றிக்கொள்வதில்தான் எனக்கு அவ்வளவு குறி.

பன்னிரண்டு மணிக்குப் பாயின் போன் அடித்தது. தம்பி. பாய் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சத்தமாகப் பேசினார். பிறகு போனைக் கையால் மூடியபடி என்னைப் பார்த்தார்.

"தம்பி பொட்டி கட்டிக்கினு இருக்கான். நம்ம டைம் மூணரைக்கு ஃப்ளைட்டு. ஆம்ப்ளிஃபையருக்கு ஏதாச்சும் வேணுமான்னு கேக்கறான். வேணுமா மெக்கானிக்கு?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அதிகமாகவே பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. வாசலில் அண்டாவைச் சுரண்டும் சத்தம், பாட்டு, ஜனம், அட்டை.

"ஒண்ணும் வேணாம் பாய். எல்லாம் பக்காவா இருக்கு."

"ஒண்ணும் வேணாமாம், நீ வந்தா போதும்" என்று போனில் சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு மணிக்குப் பந்தல்காரர்கள் இரண்டு தொன்னையில் சாம்பார் சாதம் நீட்டினார்கள். பாய் ருசித்துச் சாப்பிட்டார். எனக்கு இறங்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் அந்தச் சோற்றை எப்படித் தின்பது? சாப்பிட்ட பின் பாய் சுவரில் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தார். அவர் தலைக்கு மேலேதான் என் அட்டை. நான் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்திருக்கவே கூடாது என்றும், நாலு மணி ஆகிவிட வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டேன்.

நாலு மணி ஆயிற்று. ஆற்றில் தண்ணீர் வற்றுவதுபோல் கூட்டம் வடிந்தது. பாட்டு நின்றது.

"இப்போ வோல்டேஜ் சரியாயிருக்குமே" என்றார் பாய் எழுந்து உட்கார்ந்து.

நான் கணக்குப் போட்டு வைத்த பேச்சை எடுப்பதற்குள், பந்தல்காரர்களில் இரண்டு பேர் அண்டாவை நகர்த்திவிட்டு உள்ளே வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்ததை மேஜைக்கு அடியில் தள்ளினார்கள்.

"அண்ணா, உங்க ஸ்பீக்கரு. காலைல ஆறு மணிக்கு எடுத்ததுண்ணா, சூப்பரா பாடுச்சு. அடுத்த பௌர்ணமிக்கும் வந்து எடுத்துக்கறோம்."

போய்விட்டார்கள். பாய் ஸ்பீக்கரைப் பார்த்தார். பெட்டியின் பின்னால் மாட்டியிருந்த ஒயரைப் பார்த்தார். ஒயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டே கீழே இறங்கி, சும்மா கிடந்த முனைகளைப் பார்த்தார். அட்டையைப் பார்க்கவில்லை. அது ஒன்றுதான் அன்று அவர் எனக்குக் காட்டிய தயவு.

"எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"எட்டு மணிக்கு, பாய்."

"நான் போன் பேசுனது பன்னெண்டு."

"ஆமாம் பாய்."

"தம்பி அன்னிக்கு ஜோடியா ரெண்டு சுத்தினான். ஒண்ணு இதுல இருக்கு. இன்னொண்ணை சவுதிக்கு எடுத்துக்கினு போனான், அங்க ஒரு செட்டு கட்டலாம்னு. கட்டவேயில்ல. அவன் ரூம்ல கட்டிலுக்கு அடியில டிரங்குப் பொட்டில கெடக்குது. பொட்டி கட்டிக்கினு இருந்தான். நாலு கிலோ. போட்டுக்கினு வந்திருப்பான்."

தம்பி அப்போது வானத்தில் எங்கேயோ இருந்தார்.

"உள்ள வரப்பவே வார்னிஷ் வாசனை வந்துச்சு" என்றார் பாய். குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இருவது வருஷம் இந்தத் தொழில் பண்ணவன், எனக்குத் தெரியாதா? அதான் போன் வந்தப்ப கேட்டேன். நீங்க வேணாம்னீங்க. சரி, சூடம்தான் போலன்னு விட்டுட்டேன். என் மூக்கை நம்பல, உங்களை நம்புனேன்."

அவரை அந்தப் பெட்டியைத் தூக்க விடவில்லை. என் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். கடைசியாக வந்துகொண்டிருந்த சில பேருக்கு எதிராகப் பெரிய தெருவரைக்கும். ஏதோ பூஜைப் பெட்டி என்று நினைத்து ஒரு அம்மாள் வழிவிட்டு ஒதுங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாய் திரும்பிப் பார்க்கவேயில்லை. தம்பி வரும்போது அது கூடத்தில் இருக்க வேண்டுமென்றார், பாடாவிட்டாலும்.

மறுநாள் போய்த் தம்பியிடம் நானே சொன்னேன். அவர் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "விடுங்க, ஆவறதுதான்" என்றார். நான் ஆறுதல் சொல்ல வேண்டிய அந்த மனிதர்தான் என்னைத் தேற்றினார். பத்து நாளும் அவர் அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். பத்தாம் நாள் சவுதிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

ஜோடியில் மிச்சமிருந்த அந்த டிரான்ஸ்ஃபார்மர் ஐந்து மாதம் கழித்து, சவுதியிலிருந்து ஊருக்கு வந்த யாரோ ஒருவர் பையில் வந்து சேர்ந்தது. பாய் வேறு யாரிடமாவது கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். என்னிடம்தான் கொண்டுவந்தார். வேறு யாருக்கு இந்த வேலை தெரியும், அவரும் எங்கே போவார்? டிரான்ஸ்ஃபார்மரின் பக்கவாட்டில் இதிலும் ஒரு விரல் ரேகை இருந்தது. அதன்மேல் என் கை படாமல் மாட்டினேன். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மத்தியானம். சூடம் ஏற்றவில்லை.

"போடலாம் பாய்" என்றேன்.

பாய்க்கு முழங்கால் வலி. மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார், கீழே ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பார்த்தார், ஒயரைத் தொட்டு ஒருதரம் இழுத்தும் பார்த்தார். பிறகு எழுந்து தம்பிக்குப் போன் போட்டார்.

"போடுங்க."

பெட்டி பாடியது. உண்மையாகவே மணி மாதிரி இருந்தது, என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. பாய் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்திருந்தார். "கேக்குதுண்ணே, நல்லா கேக்குது" என்று அங்கிருந்து தம்பி கத்தினார். போனில் எல்லா ஆம்ப்ளிஃபையரும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.